கண்ணாடிமுன் தலைப்பாகை

தினசரி வாழ்க்கையில் படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி, மனசை உள்ளே திருப்புவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் இப்போ கருங்கல் மாதிரி ஊர்களுக்கும் வந்தாச்சு. யூடியூபைத் திறந்தாலும் இதே பேச்சுதான். இந்த வகையில் உலகம் முழுக்கப் பேசப்படுகிற புத்தகம் ஜூலியா கேமரன் 1992-ல் வெளியிட்ட 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே'. அதை நம்ம மாவட்டத்து நிழல்தாங்கலுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியவைதான் இந்தக் குறிப்பு.

புத்தகம் சொல்வது சிக்கலான விஷயம் இல்லை. காலையில் எழுந்ததும் கையால் மூன்று பக்கம் எழுதணும். திருத்தக் கூடாது, யாரிடமும் காட்டக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை தனியாகக் கிளம்பி, மனசுக்குப் பிடித்த ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வரணும். மொத்தம் 12 வாரம். படைப்பு என்பதே ஒரு ஆன்மிக காரியம் என்கிறார் கேமரன். கடவுள் என்ற சொல் ஒத்துவராதவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். நமக்குள்ளே ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்து, 'இதெல்லாம் உனக்கு வராது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் விழித்துக்கொள்வதற்கு முன்னால் எழுதிவிடணும் என்பதுதான் காலைப் பக்கங்களின் சூட்சுமம்.

இதற்கு எங்க ஊரில் சட்டென்று வரக்கூடிய மறுப்பு, 'காலையில நேரம் எங்க இருக்கு?' என்பது. விடியும் முன்னால் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவரும், சோறு பொங்கி வைத்துவிட்டு அண்டி ஆபீசுக்கு ஓடுகிற பெண்ணும் மூன்று பக்கம் எழுத முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனால் அரைமணி நேரம் முந்தி எழும்புங்க என்று அவர் பதில் சொல்லிவிடுவார். என் மறுப்பு வேறு: அந்தத் தணிக்கையாளர் எல்லோருக்கும் தலைக்குள்ளேதான் இருக்கிறாரா?

1830-களின் தென்திருவிதாங்கூரை எடுத்துக்கொள்வோம். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியினர் தலைவரி கட்டணும். கூலி இல்லாமல் ஊழியம் செய்யணும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. ஆண்கள் தலையில் துணி கட்டக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. தணிக்கையாளர் ரோட்டில் நின்றுகொண்டிருந்த காலம் அது. 1809-ல் சாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயர் 'முடிசூடும் பெருமாள்'. மேல்சாதியினர் எதிர்க்கவே 'முத்துக்குட்டி' என்று மாற்றினார்கள் என்பார்கள். 1833-ல் திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறையில் அடைக்கப்பட்டு, விடுதலையாகித் திரும்பியவர் அவர்.

திரும்பி வந்தபின் அவர் ஏற்படுத்தியவற்றில் ஒன்று துவையல் தவசு. சுமார் 700 குடும்பங்கள் கடலோரத்து வாகைப்பதியில் கூடித் தங்கினார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி ஒருவேளைச் சாப்பாடு; மூன்று வேளையும் குளித்துத் துணி துவைக்கணும். இதைத் தவம் என்று அழைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. தவம் என்றால் வீட்டை விட்டு, வேலையை விட்டுக் காட்டுக்குப் போவது என்றுதானே பழக்கம்? இங்கே குடும்பத்தோடு, பிள்ளைகளோடு, துணி துவைப்பதே தவம். அழுக்கானவர்கள் என்று தள்ளி வைக்கப்பட்டவர்கள் செய்த தவம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இன்னொன்று கண்ணாடி. பதியிலும் நிழல்தாங்கலிலும் சிலை கிடையாது. கருவறையில் ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் இரண்டு விளக்கு. உள்ளே போகிற ஆண், சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போகணும். கண்ணாடியை வைத்து வழிபடுவது இங்கே மட்டும் நடந்ததில்லை. மருத்துவாழ்மலையில் தவம் இருந்த நாராயண குருவும் 1927-ல் கேரளத்துக் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். ஆனால் தலைப்பாகைதான் நம்ம பக்கத்துக் கண்ணாடியை வேறாக்குகிறது. ரோட்டில் தடைசெய்யப்பட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, அந்தக் கோலத்தில் தன் முகத்தைத் தானே கும்பிடுவது. இப்போதைய தியானப் புத்தகங்கள் உள்ளே பார், அமைதி ஆகு என்கின்றன. இந்தக் கண்ணாடி முதலில் நிமிர்ந்து நில், அப்புறம் பார் என்கிறது.

படைப்புக்கு வருவோம். கொல்லம் ஆண்டு 1016, கார்த்திகை 27-ல் அரிகோபாலன் சீடர் 'அகிலத்திரட்டு அம்மானை'யை எழுதத் தொடங்கினார். 15,000 வரிகளுக்கு மேல் போகிறது. தூக்கத்தில் இறைவன் எழுப்பிச் சொல்லித்தர, தான் எழுதியதாக நூலே சொல்கிறது. எழுந்த கையோடு, தணிக்கை இல்லாமல் எழுதியது! கேமரன் கேட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் இவர் எழுதியது ஒளித்து வைப்பதற்காக அல்ல, கூட்டத்தில் ராகம்போட்டு வாசிப்பதற்காக. வடிவமும் பண்டிதர்களுடையது இல்லை. பெண்கள் காய்களை எறிந்து பிடித்து விளையாடும்போது பாடும் பாட்டிலிருந்து கிளைத்தது அம்மானை. அந்த மரபில் கதைப்பாடல்கள் நிறைய உண்டு. சாமித்தோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் திருஏடு வாசிப்பு இன்றைக்கும் நடக்கிறது. எழுத்து தெரியாதவரும் காதால் கேட்டு இந்த நூலுக்குள் போக முடிந்தது.

இதுவரை சொன்னது பாராட்டு. குறைகளும் இருக்கின்றன.

முதல் குறை கண்ணாடிக்கு நேர்ந்திருப்பது. நான் போன சில தாங்கல்களில் மாலையும் பட்டும் சேர்ந்து கண்ணாடியை மூடிவிட்டன. எட்டிப் பார்த்தாலும் முகம் தெரியவில்லை. சிலையைப் போலக் கண்ணாடியையும் அலங்கரிக்கிறோம். பார்ப்பதற்காக வைத்தது கும்பிடுவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, வாசிப்பு. அரிகோபாலன் எழுதினார். அவருக்குப் பிறகு 'அருள்நூல்' பாடல்களும் சேர்ந்தன. 1939-ல் அகிலம் அச்சேறியது. அதன்பின் எந்தப் பதிப்பு சரி, எந்தப் பாடம் சரி என்கிற பேச்சுதான் முன்னால் வந்து நிற்கிறது. நூலைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் சாதாரண ஒருவர் தன் காலத்து வேதனையை அம்மானையாகக் கட்டியதால் பிறந்த நூலை, இனி யாரும் ஒரு வரிகூடக் கட்டாமல் வாசித்தால் மட்டும் போதுமா? ஆங்கில மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் லவுட்ஸ்பீக்கரில் வருகிற ஓசையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. தலைப்பாகை ஆணுக்கு. பெண்ணுக்கு அதற்குச் சமமானது தோள்சீலை. அதற்கான போராட்டம் பல வருசம் நீண்டு, 1859 ஜூலை 26-ல் அரசு ஆணை வந்தது. மேலாடை கிடைத்தது சரி, தனக்கென்று ஒரு இடம் கிடைத்ததா? ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-ல் வெளியிட்ட 'புத்தம்வீடு' நாவலின் லிஸி, வளர்ந்த பிறகு வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப்போகும் கிறிஸ்தவப் பெண். அவளைச் சுற்றி ஜெபமும் உறவும் எப்போதும் இருக்கிறது. தன் ஆசையைத் தனக்கே சொல்லிக்கொள்ள ஒரு மூலை மட்டும் இல்லை. தாங்கல் ஆனாலும் கோயில் ஆனாலும் சர்ச் ஆனாலும் நம்ம பக்கத்து ஆன்மிகம் எல்லாமே நாலுபேர் முன்னால் நடப்பது. பிறர் கண் படாத ஒரு பக்கம் இங்கே ஒரு பெண்பிள்ளைக்குச் சுலபத்தில் கிடைக்காது. டைரியைக்கூட வீட்டில் யாராவது புரட்டிவிடுவார்கள். 'யாரிடமும் காட்டாதே' என்ற கேமரனின் விதி அமெரிக்காவில் ஒரு உத்தி மாதிரி தெரியலாம். கருங்கலில் அது கிட்டத்தட்ட ஒரு உரிமை.

அதனால் கேமரனை இறக்குமதிச் சரக்கு என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. நம்மிடம் எல்லாம் முன்னமே இருக்கு என்று பெருமை பேசவும் வரவில்லை. தனியாக எழுதும் பக்கம் மட்டும் இருந்தால், தடை எல்லாம் மனசுக்குள்தான் என்று நம்பி நம்மையே குற்றம் சொல்லிக்கொள்வோம். கூட்டமாக வாசிக்கும் ஏடு மட்டும் இருந்தால் சொந்தச் சொல் வராது.

செய்யக்கூடியது சின்ன விஷயங்கள்தான். கண்ணாடியை மூடியிருக்கிற மாலையைக் கொஞ்சம் விலக்கிவைக்கலாம். ஏடு வாசிப்பு முடிகிற அன்றைக்குப் பிள்ளைகளை, பெண்பிள்ளைகளை முதலில், ஆளுக்கு நாலு வரி அம்மானை சொந்தமாகக் கட்டச் சொல்லலாம். விருப்பம் உள்ளவர்கள் பாடட்டும், மற்றவர்கள் மடித்து வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் ஒரு நோட்டு, அதை யாரும் தொடக் கூடாது என்ற ஏற்பாடு. கடைசியில் சொன்னதுதான் செலவே இல்லாதது. நம்ம வீடுகளில் நடைமுறைக்கு வர ரொம்பக் கஷ்டமானதும் அதுதான்.