யேட்ஸ் பாடாத அறை

ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1937ஆம் ஆண்டில் டப்ளின் நகராட்சி ஓவியக்கூடத்தைப் பொருளாகக் கொண்டு ஒரு பாடல் இயற்றினார். அதனை நட்பின் பாடலாகவே திறனாய்வாளர் பெரும்பாலும் கொள்வர். சுவரில் விளங்கும் உருவப்படங்களைக் கண்டு மறைந்த தோழரை நினைந்துருகும் பாட்டு அஃது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அக்கூடத்தின் வரலாற்றை அறியாது பாடலைப் பயில்வார் அதன்கண் சொல்லாது விடப்பட்டதனை உணரார்.

கூடத்தைத் தோற்றுவித்தவர் ஹியூ லேன். அது 1908இல் ஆர்க்கோர்ட்டுத் தெருவிலுள்ள ஒரு மனையில் தொடங்கிற்று. நிலையான கட்டடம் ஒன்று அமையுமாயின், மானேயின் 'துயிலரித் தோட்டத்தில் இசை', ரெனுவாரின் 'குடைகள்' முதலிய 39 ஓவியங்களை நகருக்கு நல்குவதாக லேன் கூறினார். லிஃபி ஆற்றின்மீது பாலமாகவே கூடத்தை எழுப்புமாறு லட்யன்ஸ் வரைந்த திட்டத்தை நகராட்சி 1913இல் ஏற்கவில்லை. மனம் வெறுத்த லேன் ஓவியங்களை இலண்டனுக்கு அனுப்பி, அந்நகரத்துத் தேசிய ஓவியக்கூடத்திற்கே உயிலும் எழுதினார். பின்னர் 1915 பிப்ரவரியில் அவை டப்ளினுக்கு உரியன என உயிலுக்கு ஓர் இணைப்பெழுதிக் கையொப்பமிட்டார். சாட்சிக் கையொப்பம் பெற்றாரல்லர். அவ்வாண்டு மே 7ஆம் நாள் லூசிட்டானியாக் கப்பலோடு கடலில் மாண்டார். சாட்சியில்லா இணைப்பு சட்டத்தின்முன் செல்லாமையின் ஓவியங்கள் இலண்டனிலேயே தங்கின.

சார்ல்மாண்ட் பிரபுவுக்காக வில்லியம் சேம்பர்ஸ் வரைந்து 1763இல் கட்டத் தொடங்கிய மாளிகையே 1933இல் நகராட்சியின் ஓவியக்கூடமாயிற்று. இடைக்காலத்தே அம்மாளிகை அரசின் பதிவாளர் அலுவலகமாக இருந்தது. சாட்சியில்லா ஓர் ஏட்டால் இழந்த ஓவியங்களுக்குச் சான்றேடுகளைக் காத்த மனையில் இடம் ஒதுக்க நேர்ந்தது விந்தையே! ஆம், அவற்றிற்கென ஓர் அறை வெறுமையாகவே விடப்பட்டது.

அவ்வறையைப் பற்றி யேட்ஸ் ஒரு சொல்லும் கூறவில்லை. மறந்தார் என்றல் பொருந்தாது. 1913இல் லேனின் பொருட்டுச் செல்வரைக் கடிந்து பாடியவரும், 1926இல் செனட் அவையில் ஓவியங்களை மீட்கப் பேசியவரும் அவரே. வயது முதிரச் சினம் தணிந்தது எனச் சிலர் அமைதி கூறலாம். அதுவும் நிறைவு தருவதன்று. தோழர் படங்கள் விளங்குவதாலேயே அவ்விடம் புனிதமாயிற்று என்பது பாடலின் முடிபு. உள்ளனவற்றால் இடம் பெருமையுறும் எனக் காட்ட முனைந்தவர்க்கு இல்லாதது இடையூறாயிற்று என்க. பாட்டின் ஒருமை அதனாற் காக்கப்பட்டது. ஆயின் லேனை அனைத்திற்கும் மூலவராகப் போற்றும் பகுதி, அவர்தம் இழப்பைச் சுட்டாமையின், வலி குன்றி நிற்கின்றது என்பதே எம் கருத்து.

1959இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்தன. ஓவியங்களை இரு கூறாக்கி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிக் காட்ட இசைந்தனர். அதன்பின் அங்குச் சென்றோர் கண்ட கூடம் யேட்ஸ் கண்டதன்று. பாடலுக்கு உரை வரைவோர் 1933 முதல் 1959 வரை நின்ற அவ்வெறுமையைத் தம் குறிப்பில் முதற்கண் காட்டுதல் வேண்டும்.