ஸ்கூடாயா, இஸ்கந்தர் புத்திரியா: பொறியியல் படிப்பில் எதற்குச் செலவு தகும்?

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்ததும் ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பல வீடுகளில் அது ஒரே கேள்வியோடு நின்றுபோகிறது: மொத்தம் எவ்வளவு ஆகும்? குறைவு என்றால் எந்தப் படிப்பானாலும் சேர்த்துவிடுகிறார்கள். கூடுதல் என்றால், பிள்ளையின் எதிர்காலமாயிற்றே என்று எங்காவது புரட்டிக் கட்டிவிடுகிறார்கள். இரண்டு முடிவிலும், அந்தப் படிப்பு அந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா என்பதை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

பொருத்தம் என்று நாம் பேசும்போது மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பாடப்பிரிவு பொருந்துகிறதா என்பது ஒன்று. கிடைக்கப்போகும் பட்டத்தின் வகை பிள்ளை நினைத்த வேலைக்குக் கொண்டுபோகுமா என்பது இன்னொன்று. வளாகமும் அதன் பெயரும் பிடித்திருக்கிறதா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் பணம் செலவழிக்கலாம், கடன்கூட வாங்கலாம். மூன்றாவதற்குக் கடன் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அது எந்த அளவுக்கு நிற்கும் என்று ஜொகூரில் உள்ள வழிகளை வைத்தே பார்ப்போம்.

இந்த மாநிலத்தில் விலையின் இரு கோடிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யு.டி.எம்.; 1975இல் இந்தப் பெயரைப் பெற்ற பழைய நிறுவனம். பத்து பகாட்டை அடுத்த பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம். 1993இல் பாலிடெக்னிக் விரிவுரையாளர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கி 2007இல் பல்கலைக்கழகமானது. இரண்டும் அரசுப் பல்கலைக்கழகங்கள். செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்பதால், நான்கு ஆண்டுப் பயிற்சிக் கட்டணம் உள்நாட்டு மாணவருக்குச் சில ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்துவிடும். விடுதி, சாப்பாடு, போக்குவரத்துதான் மிச்சச் செலவு.

மறுகோடி ஸ்கூடாயிலிருந்து சிறிது நேரக் கார் பயணத்தில் வந்துவிடும். 2012இல் இஸ்கந்தர் புத்திரியில் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் தன் மலேசிய வளாகத்தைத் திறந்தது. பொறியியல் மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டு இங்கேயும் அடுத்த இரண்டு ஆண்டு பிரிட்டனிலும் படிக்கும் ஏற்பாட்டோடு அது தொடங்கியது. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கான பொறியியல் கட்டணம் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். ஒரு பவுண்டு ஐந்தரை ரிங்கிட் என்று வைத்தாலே, அந்த இரண்டு ஆண்டுக் கட்டணம் மட்டும் 2,20,000 ரிங்கிட்டைத் தாண்டும். அறை வாடகையும் சாப்பாடும் அதில் சேரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் பல்கலைக்கழகங்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அங்கே படிப்பு முடியும்போது பெரும்பாலும் ஒரு லட்சம் ரிங்கிட் கடந்திருக்கும்.

இந்த இடைவெளியைப் பார்த்ததும் முடிவு எளிது என்று தோன்றும்: அரசு இடம் கிடைத்தால் எடுத்துக்கொள். எனக்கு அது போதவில்லை. அரசு இடத்துக்கு ஒரு மறைவிலை உண்டு, அதைத்தான் முதலில் எடைபோட வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறையான யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கும் மாணவனின் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவிலிருந்தும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கையிலிருந்தும் வருகிறது. அதை வைத்து இடம் ஒதுக்கும்போது, மாணவன் முதலில் எழுதிய பாடப்பிரிவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இயந்திரப் பொறியியல் கேட்டவனுக்கு உற்பத்திப் பொறியியல் வரலாம். அல்லது பொறியியலே இல்லாத ஓர் அறிவியல் பட்டம் வரலாம். வீட்டிலோ, அரசு இடம் கிடைத்துவிட்டது, அதற்குமேல் என்ன பேச்சு என்று பையை அடுக்கிவிடுவார்கள். இப்படிச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் விலகும் பிள்ளைக்கு அந்த மலிவான இடம் இரண்டு வருட வாழ்க்கையைத் தின்றுவிடுகிறது. விலகாமல் முடித்து, வேறு துறையில் வேலை தேடுபவனுக்கு அது இன்னும் நீளமான விலை.

ஆனால் எல்லா விலகலும் ஒரே அளவு விலகல் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். இயந்திரம் கேட்டவனுக்கு உற்பத்தியோ மெக்கட்ரானிக்ஸோ கிடைத்தால் அது அண்டை வீடு. கணிதம், விசையியல், பொருள்களின் இயல்பு ஆகிய அடித்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிப் பொறியியல் கேட்டவனுக்கு மின்பொறியியல் கிடைத்தாலும் அப்படித்தான். கூலாய் அருகே செடெனாக்கில் எழுந்திருக்கும் தரவு மையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடங்களில் கணினி தெரிந்தவரோடு, உயர் மின்னழுத்தம் தெரிந்தவர், குளிரூட்டல் தெரிந்தவர், கட்டுப்பாட்டு அமைப்பு தெரிந்தவர் எல்லாரும் தேவை. பாசிர் கூடாங்கின் இரசாயன ஆலைகளுக்கும் பெங்கேராங் எண்ணெய் வளாகத்துக்கும் இதுவே பொருந்தும். அண்டைப் பிரிவு கிடைத்தவன் இலட்சம் ரிங்கிட் கடன் வாங்கித் தான் விரும்பிய சரியான பெயரைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதல் வேலை கிடைத்து மூன்று வருடத்தில் அந்த வேறுபாடு பெரிதும் மங்கிவிடும். கட்டடப் பொறியியலில் உயிரையே வைத்திருப்பவனுக்குத் தூய இயற்பியல் கிடைத்தால் அது வேறு ஊர். அங்கேதான் மேல்முறையீடு, மறு விண்ணப்பம், தேவைப்பட்டால் தனியார் வழி ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி பட்டத்தின் வகை. நம் குடும்பங்கள் மிகக் குறைவாகக் கேட்கும் கேள்வி இது. பாதிப்பில் இதற்கு ஈடான கேள்வி வேறில்லை. இந்த நாட்டில் பொறியாளர் தொழிலை 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. பதிவு மலேசியப் பொறியாளர் வாரியத்திடம். பொறியியல் அங்கீகார மன்றம் ஏற்றுக்கொண்ட பட்டம் இருந்தால் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். பிறகு குறைந்தது மூன்று ஆண்டு அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் கடந்து, பெயருக்கு முன் ‘இர்’ போட்டுக்கொள்ளும் தொழில்முறைப் பொறியாளராகலாம். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதனால் அப்படிப்பட்ட பட்டத்தை பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கல்வித் தகுதியில் தங்கள் பட்டத்துக்கு இணையாகக் கருதுகின்றன.

இதன் அருகிலேயே பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் என்று ஒன்று இருக்கிறது. துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் தன் பகோ வளாகத்தில் அத்தகைய பட்டங்களை நடத்துகிறது. பட்டறையும் ஆலைப் பயிற்சியும் கூடுதலாக உள்ள படிப்பு அது. கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளைக்கு மிக நல்ல பொருத்தம். பதிவு மட்டும் வேறு வகை: பொறியியல் தொழில்நுட்பவியலாளர். மேலே சொன்ன தொழில்முறைப் பொறியாளர் பாதைக்கு அது நேர் வாசல் இல்லை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. நாளை கட்டட வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும் என்று கனவு காணும் பிள்ளை, இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணிச் சேர்ந்துவிட்டு நான்காம் ஆண்டில் விழித்துக்கொள்ளும் நிலை வரக் கூடாது.

இன்னொரு நுணுக்கம்: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு இல்லை, பாடத்திட்டத்துக்கு, அதிலும் எந்த ஆண்டு சேர்க்கைக்கு என்பதும் கணக்கு. ஒரு கல்லூரியின் விளம்பரத்தில் அங்கீகாரம் பெற்றது என்று இருந்தால், எந்தப் பாடத்திட்டம், எந்த வளாகம், எந்தச் சேர்க்கை என்று மூன்றையும் பொறியாளர் வாரியத்தின் பட்டியலில் பார்த்த பிறகே முன்பணம் கட்ட வேண்டும். இதை நான் எடைபோடும் பொருளாகவே கருதவில்லை. இது வாசற்படி. இதைத் தாண்டாத படிப்பு இலவசமாக வந்தாலும் பொறியாளராக விரும்பும் பிள்ளைக்கு அது விலை அதிகம்.

உண்மையில் பணக் கணக்கு எஸ்.பி.எம். முடிந்த உடனே தீர்மானமாகிவிடுகிறது. மெட்ரிகுலேஷன் கிடைக்காத பதற்றத்தில் பல பெற்றோர் பிள்ளையைத் தனியார் பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கல்வியில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு பெரும்பாலும் யு.பி.யு. வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாது. ஓராண்டு அவசரம் ஐந்தாண்டுக் கட்டணத்தைப் பூட்டிவிடுகிறது. மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற ஒதுக்கீடு நம் பிள்ளைகளை எப்படி நெருக்குகிறது என்பதை நான் மறக்கவில்லை. 2018இல் இந்திய மாணவர்களுக்கு 2,200 இடங்கள் அறிவிக்கப்பட்டதும், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்ததும் நெருக்கடியைத் தணித்தன, தீர்க்கவில்லை. அதனால்தான் ஆறாம் படிவத்தைச் சிறுமையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. ஒன்றரை ஆண்டு, அரசுப் பள்ளி, செலவு ஏறக்குறைய இல்லை. எஸ்.டி.பி.எம். முடிவை உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களும், பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. பாடம் கடினம்தான். கணிதத்திலும் இயற்பியலிலும் அந்தக் கடினத்தைத் தாங்க முடியாத பிள்ளைக்குப் பொறியியல் பட்டமே பொருந்துமா என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைத்துவிடும்.

பாலிடெக்னிக் வழியும் உண்டு. பருவத்துக்கு 200 ரிங்கிட் கட்டணம், ஆறு பருவத்துக்கு 1,200. டிப்ளோமாவோடு பட்டப்படிப்புக்குப் போகலாம். ஆண்டுகள் கூடும், ஆனால் நடுவில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு தகுதி இருக்கும்.

தனியார், வெளிநாட்டு வளாகங்களுக்கான வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே கேட்க வேண்டும். சிறிய வகுப்பு, விரிவுரையாளரை எளிதில் அணுகும் வாய்ப்பு, முழுக்க ஆங்கிலச் சூழல், பிரிட்டனில் இரண்டு ஆண்டு வாழும் அனுபவம். தோட்டப்புறத்தில் வளர்ந்து, வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கக் கூச்சப்படும் ஒரு பிள்ளைக்கு இவை வெறும் ஆடம்பரம் இல்லை. பெரிய அரசு வளாகத்தில் அப்படிப்பட்டவர்கள் பின்வரிசையிலேயே நான்கு ஆண்டைக் கழித்துவிடுவதுண்டு. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே பலனை எவ்வளவு குறைந்த விலைக்குப் பெற முடியும் என்று கேட்டுப் பார்த்தால் வாதம் தளர்கிறது. மாணவர் மன்றம், ஆய்வுக்கூட உதவி வேலை, நல்ல தொழிற்பயிற்சி இடம் ஆகிய வாசல்கள் ஸ்கூடாயிலும் திறந்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குக் குறைந்தது எட்டு வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். அந்த வாரங்களை எந்த ஆலையில் கழிக்கிறான் என்பது, எந்த வளாகத்தில் படித்தான் என்பதைவிட முதல் வேலைக்கு அதிகம் உதவும் என்றே நான் நம்புகிறேன்.

கடனைச் சம்பளத்தோடு வைத்துப் பார்ப்போம். புதிய பொறியியல் பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் பொதுவாக 3,000 ரிங்கிட்டைச் சுற்றியே நிற்கிறது. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் 2,670. 72,000 ரிங்கிட் கடனை வட்டியில்லாமல் பத்து ஆண்டில் அடைத்தாலே மாதம் 600 ஆகிறது. கைக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பி.டி.பி.டி.என். ஒரு விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு நீண்ட தவணையில் கொடுப்பதால் சுமை சற்று இறங்கும், ஆனால் தனியார் படிப்பின் முழுச் செலவுக்கு அது போதாது. மிச்சத்துக்குப் பெற்றோர் தங்கள் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கில் கை வைக்கிறார்கள். கல்விக்காக எடுக்க அனுமதி உண்டு என்பதாலேயே அது இலவசப் பணம் ஆகிவிடாது. ஐம்பது வயதைக் கடந்த ஆலைத் தொழிலாளிக்கு அந்தத் தொகையைத் திரும்பச் சேர்க்கக் காலம் இல்லை. ஒரு வளாகத்தின் பெயருக்காக ஓய்வுக்காலத்தைக் கரைப்பது நியாயம் இல்லை. பிள்ளையே கேட்டாலும் மறுக்க வேண்டிய செலவு அது.

சிங்கப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நாட்டு அரசின் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு அங்கே வேலை செய்ய வேண்டும். இதைத் தளை என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. எப்படியும் பாலம் கடந்து வேலைக்குப் போகத் திட்டமிடும் ஜொகூர்ப் பிள்ளைக்கு அது தளை ஆகாது, சம்பளத்தோடு கூடிய அனுபவம். இடம் கிடைப்பதுதான் அரிது. கிடைத்தால், மானியம் போக நிற்கும் செலவையும் கீழே நான் சொல்லும் அளவுகோலாலேயே பார்க்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. விரும்பிய பிரிவோ அதன் அண்டைப் பிரிவோ அங்கீகாரத்தோடு அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால், பாரிட் ராஜா தொலைவு என்றாலும் போக வேண்டும். இஸ்கந்தர் புத்திரியின் பெயர் எவ்வளவு பெரிதானாலும், உபகாரச் சம்பளம் இல்லாமல் நடுத்தரக் குடும்பம் அதற்காகக் கடன் வாங்குவதை நான் ஏற்கவில்லை. முற்றிலும் அயலான படிப்பு ஒதுக்கப்பட்டு, மேல்முறையீடும் பலிக்காவிட்டால், அப்போது தனியார் வழிக்குப் பணம் செலவழிப்பது சரி. அதற்கும் எல்லை உண்டு: மொத்தக் கடன், அந்தத் துறையின் இரண்டு ஆண்டுத் தொடக்கச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இன்றைய நிலையில் அது ஏறக்குறைய 72,000 ரிங்கிட். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் படிப்பு என்றால், மிச்சத்தை உபகாரச் சம்பளமோ கட்டணக் கழிவோ ஈடுகட்ட வேண்டும். அந்தக் கழிவு எழுத்தில் வரும்வரை சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். அது வராவிட்டால், அடுத்த ஆண்டு யு.பி.யு.வில் மீண்டும் விண்ணப்பித்து, இடைக்காலத்தில் பாசிர் கூடாங்கிலோ செனாயிலோ ஓர் ஆலையில் வேலை பார்ப்பது, தவறான இடத்தில் தொடங்கும் நான்கு ஆண்டைவிடக் குறைந்த செலவு.