மணியாட்டமும் உள்ளுறையும்

தாம் பயிற்றிய மாணாக்கர் பட்டம் பெற்றுச் சென்று, பின் தம் படத்தொடு மீளுங்கால், அதனை மகவின் மழலைபோற் கேட்டு மகிழ்தல் ஆசிரியர்க்கு இயல்பு. அம்மகிழ்ச்சி திறனாய்வாகாது. அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற் பயின்ற இஷு படேல், கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின்கண் 1977இல் ஆக்கிய 'பீட் கேம்' என்னும் அசைவூட்டக் குறும்படம் அவ்வுறவு நீக்கி நோக்கற்பாலது. அஃது ஆஸ்கர் பரிந்துரை பெற்றதும் ஈண்டுச் சான்றாகாது.

படத்தில் உரையாடல் இல்லை. ஆயிரக்கணக்கான சிறு மணிகளே உருவங்களாகின்றன. ஓருயிர் பிறிதொன்றை விழுங்குகின்றது. விழுங்கியதும் மற்றொன்றன் வாய்ப்படுகின்றது. மக்கட் போர் வரை இது நீள்கின்றது. போரைப் பழிக்கும் படம் என்று கூறி அமைவார் உளர். அவர் கதையைக் கண்டார், மணியைக் கண்டிலர். கொல்வதும் கொல்லப்படுவதும் அம்மணிகளால் ஆயவையே. இதனை எடுத்துரைப்பார் எவரும் படத்துள் இல்லை. தெய்வம் ஒழிந்த கருப்பொருளை உள்ளுறைக்கு நிலைக்களனாக்கினார் தொல்காப்பியர். இங்கோ, உருவங்கள் எவற்றால் ஆயினவோ அப்பொருளே நிலைக்களனாயிற்று. நம் உரையாசிரியர் இவ்வேறுபாட்டைக் காணின் பெரிதும் வாதிட்டிருப்பர்!

குறையும் ஒன்றுண்டு. உருமாற்றத்தின் விரைவு கண்ணை மயக்குகின்றது. முதன்முறை காண்பார்க்கு உருவே நிற்கும், மணி மறையும். ஆதலின் வகுப்பில் இதனை இருமுறை திரையிடுதல் வேண்டும். இரண்டாம் முறை இசையை நிறுத்திக் காட்டுதல் நன்று.