ஒரு பால் ஜார்ஜ், மூன்று அணிகள்

2025 ஜூனில் நடந்த அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் ஓக்லஹோமா சிட்டி தண்டரும் இண்டியானா பேசர்ஸும் மோதின. ஏழாவது ஆட்டம்வரை இழுத்து ஓக்லஹோமா கோப்பையை வென்றது. இந்த இரண்டு அணிகளும் எப்படி உருவாயின என்று நூல் பிடித்துப் போனால், இரண்டு அணியிலுமே இல்லாத ஓர் ஆட்டக்காரரிடம் போய் நிற்போம். அவர் பால் ஜார்ஜ்.

2017இல் இண்டியானா, ஜார்ஜை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து ஒலடிப்போ, சபோனிஸ் என்ற இருவரை வாங்கியது. 2022இல் அந்த சபோனிஸைக் கொடுத்துத்தான் சாக்ரமென்டோவிடமிருந்து டைரீஸ் ஹாலிபர்ட்டனைப் பெற்றது. 2025 இண்டியானா அணியின் மூளையே ஹாலிபர்ட்டன்தான். ஓக்லஹோமாவோ 2019இல் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரும், புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்ட்டில் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும், இன்னும் சில சலுகைகளும் வந்தன. அந்த ஷேதான் 2025இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அதாவது எம்.வி.பி. அந்த ஐந்து உரிமைகளில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி அடித்தவர்.

ஜார்ஜ் அப்போது எங்கே? 2024இல் ஒப்பந்தம் முடிந்து, விரும்பிய அணிக்குப் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாக ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு 21.2 கோடி டாலர். முதல் சீசனில் அவர் ஆடியது 41 ஆட்டம். அணி 24இல் வென்று 58இல் தோற்றது.

ஓர் அணியைக் கட்டுவது டிராஃப்ட்டாலா, ஃப்ரீ ஏஜென்சியாலா என்று கூடைப்பந்து ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். இந்த ஒரு ஆளின் பயணத்தைப் பார்த்தாலே அந்தச் சண்டையில் பாதி வீண் என்று தெரிந்துவிடும். ஆனால் மீதிப் பாதி முக்கியமானது.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு டிராஃப்ட் கொஞ்சம் விசித்திரமாகப் படும். ஏலத்தில் பணம் பேசும். டிராஃப்ட்டில் வரிசை பேசும், அந்த வரிசையில் முன்னால் நிற்பது போன ஆண்டு மோசமாகத் தோற்றவர்கள். முப்பது அணிகள், இரண்டு சுற்று. பிளேஆஃப் எட்டாத 14 அணிகளுக்கு லாட்டரி. இயந்திரத்துக்குள் 14 பந்துகள் சுழலும், நான்கு பந்து வெளியே வரும். சாத்தியமான 1,001 கூட்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதியைத் தோல்விக்கேற்பப் பங்கு போடுவார்கள். 2025இல் கடைசி மூன்று இடத்தில் இருந்த அணிகளுக்குத் தலா 140.

இந்த ஏற்பாட்டின் நியாயத்தை மறுக்க முடியாது. ஓக்லஹோமா சிட்டியின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். கடற்கரை கிடையாது, சினிமாத் தொழில் கிடையாது. ஆட்டக்காரர்கள் தாங்களே ஊரைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை பேர் அங்கே வருவார்கள்? ஃப்ரீ ஏஜென்சியில் பெரிய நட்சத்திரம் எவரும் வெளியிலிருந்து அந்த ஊரைத் தேடி வந்ததில்லை. போனவர்தான் உண்டு. 2016இல் கெவின் டுரன்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கிளம்பியபோது ஓக்லஹோமாவுக்குப் பதிலுக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை. அந்த ஆண்டு புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் சம்பள உச்சவரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. 73 ஆட்டம் வென்று வந்த அணிக்கு டுரன்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது அதனால்தான். இப்படிப்பட்ட சந்தையில் சிறு நகரங்களுக்கு டிராஃப்ட் ஒன்றுதான் பிடிமானம்.

ஆனால் தோற்றவனுக்குப் பரிசு என்று விதி எழுதினால், தோற்பதையே தொழிலாக வைத்துக்கொள்ள ஒருவன் வருவான். வந்தவர் சாம் ஹிங்கி. 2013இல் ஃபிலடெல்ஃபியாவின் நிர்வாகத்தை ஏற்றவர், அதே ஆண்டு டிராஃப்ட் இரவிலேயே அணியின் ஆல்-ஸ்டாரான ஜூரூ ஹாலிடேயை விற்றார். அடுத்து மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். அதற்கு மறு ஆண்டே அவரையும் விற்றாயிற்று. மூன்று சீசனில் வெற்றி 19, 18, 10. மொத்தம் 246 ஆட்டத்தில் 47. நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே வந்தவர்களிடம் ‘ப்ராசஸை நம்புங்கள்’ என்றார்கள். வியப்பு என்னவென்றால் பலர் நம்பவும் செய்தார்கள். முழக்கமாகவே சொன்னார்கள்.

கிடைத்தது என்ன? ஜோயல் எம்பீட் கிடைத்தார், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2014இல் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் காயத்தால் இரண்டு சீசன் ஆடாமலே இருந்து, 2023இல் எம்.வி.பி. ஆனார். ஆனால் நெர்லென்ஸ் நோயல், எம்பீட், ஜாலில் ஓகஃபோர் என மூன்று ஆண்டில் மூன்று சென்டர்களைச் சேர்த்தது எந்தக் கணக்கு? கூடைக்கு அடியில் ஒருவர்தான் நிற்க முடியும். 2016இல் ஹிங்கி 13 பக்க ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போனார். அவர் சேர்த்து வைத்த தோல்விகளின், உரிமைகளின் பலனாக 2016, 2017 இரண்டிலும் முதல் இடம் அந்த அணிக்கே. முதலில் வந்த பென் சிம்மன்ஸ் ஆல்-ஸ்டார் ஆனார், பின்னால் அணிக்கு ஆட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு வெளியேறினார். இரண்டாவதற்கு பாஸ்டனிடம் இடம் மாற்றி மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள். அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடியது 33 ஆட்டம். மூன்றாம் இடத்துக்கு இறங்கிய பாஸ்டன் ஜேசன் டேட்டமை எடுத்து, 2024இல் கோப்பை வென்றது. இத்தனைக்கும் பாஸ்டன் கையில் முதல் இடம் வந்தது அது தோற்றதால் அல்ல. அந்த சீசனில் அது 53 ஆட்டம் வென்ற அணி. 2013இல் கிழடுதட்டிய கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்கு விற்றபோது வாங்கிய உரிமை அது. தோற்றது புரூக்ளின், பலன் பாஸ்டனுக்கு.

ஓக்லஹோமாவும் தோற்றதே என்று கேட்கலாம். தோற்றது. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸிடம் 152-79 என்று உதை வாங்கியது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே ஆகப் பெரிய வித்தியாசம் அது. இரண்டு சீசன் அப்படிக் கிடந்து செட் ஹோம்கிரனையும் ஜாஷ் கிடியையும் பிடித்தது, பிறகு கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கியது. ஆனால் அந்த அணியின் முதல் இரண்டு தூண்களும், ஷேயும் வில்லியம்ஸும், சொந்தத் தோல்வியில் வந்தவர்கள் அல்ல. ஷேயை 2018இல் மற்ற அணிகள் பத்துப் பேரை எடுத்த பிறகு எடுத்தார்கள். வில்லியம்ஸ் 12ஆவது, அதுவும் கிளிப்பர்ஸின் இடம். லூ டோர்ட்டை டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை. ஐசேயா ஜோ என்ற துல்லியக் கைக்காரர் யார் கழித்துவிட்டவர் தெரியுமா? ஃபிலடெல்ஃபியா.

டிராஃப்ட் இடம் என்பது செலாவணி. அதைத் தோற்றுச் சம்பாதிப்பது இருப்பதிலேயே மட்டமான வழி. அடுத்தவனின் அவசரத்தை விலை பேசி வாங்குவது நல்ல வழி. ஹிங்கிக்கும் ஓக்லஹோமாவின் நிர்வாகி சாம் ப்ரெஸ்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையில் தேடுகிறார்கள். எனக்கு அது இங்கேதான் தெரிகிறது.

டிராஃப்ட்டின் உண்மையான மதிப்பு ஆளில் மட்டும் இல்லை, ஆளின் விலையிலும் இருக்கிறது. முதல் சுற்றில் வரும் புதுமுகங்களின் தொடக்க ஆண்டுகளின் சம்பளத்தை 1995இலிருந்து ஓர் அட்டவணை கட்டிப்போட்டிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு கிளென் ராபின்சன் ஓர் ஆட்டமும் ஆடுமுன்பே பத்தாண்டுக்கு 6.8 கோடி டாலர் வாங்கியது முதலாளிகளை உலுக்கியிருந்தது. இன்றைய விளைவைப் பாருங்கள். 2024-25 சீசனில் வில்லியம்ஸின் சம்பளம் 50 லட்சம் டாலருக்கும் கீழே. அதே அணியில் ஐசேயா ஹார்ட்டென்ஸ்டைன் வாங்கியது சுமார் 3 கோடி. முன்னவரை மலிவாக வைத்திருந்ததால்தான் பின்னவரை ஃப்ரீ ஏஜென்சியில் வாங்கப் பணம் மிஞ்சியது. ஒரு சென்டர் குறைகிறார் என்று தெரிந்த பிறகு, அந்த ஓர் ஓட்டையை அடைக்க மூன்றாண்டுக்கு 8.7 கோடி. ஃப்ரீ ஏஜென்சியை இப்படிக் கடைசியில் பயன்படுத்துவதே சரி. அஸ்திவாரத்துக்கு அதை நம்பினால் ஃபிலடெல்ஃபியா கதைதான்.

இதில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது, அணி நிர்வாகத்தை மெச்சுகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. இறுதிச் சுற்றில் 40 புள்ளி அடித்தவருக்குச் சந்தை விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. எந்த ஊரில் வேலை செய்வது என்று 19 வயதுப் பையனிடம் யாரும் கேட்பதில்லை. ஆஸ்கர் ராபர்ட்சன் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் சமரசமாகி, 1988இல்தான் கட்டுப்பாடற்ற ஃப்ரீ ஏஜென்சி வந்தது. அந்தச் சுதந்திரம் போராடி வாங்கியது. டுரன்ட் போனதைத் துரோகம் என்றவர்கள் இதை மறந்துவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார், அவ்வளவுதான்.

ஆனால் அணிகளின் கோணத்தில் ஃப்ரீ ஏஜென்சிக்குத் தீராத ஒரு குறை உண்டு. ஆட்டக்காரர் நேற்று ஆடியதற்கு நாளை சம்பளம் கொடுக்கிறார்கள். 2019இல் ஃபிலடெல்ஃபியா ஜிம்மி பட்லரை விட்டுவிட்டு டோபியாஸ் ஹாரிஸுக்கு ஐந்தாண்டுக்கு 18 கோடி டாலர் கொடுத்தது. 33 வயதான அல் ஹோர்ஃபோர்டுக்கு இன்னும் 10 கோடி அளவில். எம்பீடும் ஹோர்ஃபோர்டும் சேர்ந்து ஆட முடியாது என்பது ஒரே சீசனில் தெரிந்துபோனது. அந்த ஒப்பந்தச் சுமையை யார் தலையிலாவது கட்ட வேண்டும். கட்டியது ஓக்லஹோமா தலையில். சும்மா வாங்கிக்கொள்வார்களா? 2025ஆம் ஆண்டின் முதல் சுற்று உரிமையைக் கூலியாகக் கேட்டு வாங்கினார்கள். ஒரு நிபந்தனையோடு: அந்த இடம் முதல் ஆறுக்குள் விழுந்தால் ஃபிலடெல்ஃபியாவே வைத்துக்கொள்ளும்.

இந்த நிபந்தனை செய்த வேலையைத்தான் 2025 வசந்தத்தில் பார்த்தோம். எம்பீட் 19 ஆட்டம், ஜார்ஜ் 41. காயங்கள் உண்மைதான், சந்தேகமில்லை. ஆனால் சீசன் கைவிட்டுப் போன பிறகு ஓர் ஆட்டம் வென்றாலும் அந்த அணிக்கு நஷ்டம். வென்று வென்று ஏழாம் இடத்துக்கு நழுவினால் இளைஞர் ஒருவரை ஓக்லஹோமாவிடம் தூக்கிக் கொடுக்க வேண்டும். கடைசியில் லாட்டரியில் மூன்றாம் இடம் விழுந்து, வி.ஜே. எட்ஜ்காம்பை எடுத்தார்கள். ஹிங்கி போய் ஒன்பது ஆண்டு கழித்தும் அதே ஊர் தோல்விக்காக விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டல்லாஸ் இன்னும் வெளிப்படை. 2023 ஏப்ரலில் பிளேஆஃபுக்கு முந்தைய பிளே-இன் சுற்றின் வாய்ப்பு மிச்சமிருக்கும்போதே முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு சிகாகோவிடம் தோற்றது. காரணம், முதல் பத்துக்கு வெளியே போனால், ஏற்கெனவே விற்றிருந்த டிராஃப்ட் இடம் நியூயார்க்குக்குச் சேரும். லீக் விதித்த அபராதம் 7.5 லட்சம் டாலர். பத்தாம் இடத்தைக் காப்பாற்றி, அதை ஓக்லஹோமாவுக்கு மாற்றிக் கொடுத்து, ஒரு வேண்டாத ஒப்பந்தத்தையும் தள்ளிவிட்டு, 12இல் டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். மறு ஆண்டு இறுதிச் சுற்றுவரை போன அணியில் அவர் முக்கியமான சென்டர். இதற்குப் பெயர் அபராதமா, கட்டணமா?

லீக் செய்த சீர்திருத்தமெல்லாம் லாட்டரி எண்களை மாற்றுவதோடு நின்றது. 2019இல் கடைசி அணியின் வாய்ப்பை 25 சதவீதத்திலிருந்து 14க்குக் குறைத்தார்கள். விளைவு: 2025இல் 17 ஆட்டம் மட்டும் வென்ற யூட்டா ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. லூக்கா டான்சிச்சைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு நின்ற டல்லாஸ் 1.8 சதவீத வாய்ப்பில் முதல் இடத்தைப் பிடித்து கூப்பர் ஃப்ளாக்கைக் கொண்டுபோனது. அடிமட்டத்தில் தோற்பவனின் ஆசை கொஞ்சம் குறைந்தது, நடுவில் நிற்பவனின் ஆசை கூடியது.

டிராஃப்ட்டை ஒழிக்க வேண்டாம், ஓக்லஹோமாக்களுக்கு வேறு வழியில்லை. அணிகள் ஒன்றுக்கொன்று விற்கும் தேர்வுரிமைகளில் இந்த ‘முதல் ஆறு என்றால் எனக்கு’ வகை நிபந்தனைகளைத் தடை செய்யலாம். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து முதலாளி டெட் ஸ்டெபியன் கண்டபடி உரிமைகளை விற்றுத் தீர்த்ததால், அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று உரிமையை விற்கக் கூடாது என்று லீக் விதியே போட்டது. ஒருவரின் முட்டாள்தனத்துக்கு விதி எழுதியவர்கள் பலரின் சாமர்த்தியத்துக்கும் ஒன்று எழுதட்டும்: விற்ற இடம் எந்த எண்ணில் விழுந்தாலும் வாங்கியவனுக்கே.