‘வலையமைப்பு’ என்ற சொல்லும் நமது எழுத்தும்

நாளிதழ் வாசிப்பவர்களுக்கு ‘வலையமைப்பு’ என்ற சொல் நன்கு பழகிவிட்டது. வீதி வலையமைப்பு, மின் வலையமைப்பு, கணினி வலையமைப்பு, பெண்கள் வலையமைப்பு, போதைப்பொருள் வலையமைப்பு, தீவிரவாத வலையமைப்பு. பாதைக்கும் அதே சொல், பாதகத்துக்கும் அதே சொல். இச்சொல் எங்கே பொருந்துகிறது, பொருந்தாத இடத்தில் யாரைக் காயப்படுத்துகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவற்றைக் குறிக்கத் தமிழில் இன்று நான்கு சொற்களாவது உள்ளன: வலையமைப்பு, வலைப்பின்னல், பிணையம், இணையம். நமது பாடநூல்கள் முதலாவதை ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டுக் கணினி எழுத்தாளர் சிலர் ‘பிணையம்’ என்று எழுதினார்கள். பிணைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த நல்ல ஆக்கந்தான். ஆனால் இலங்கையில் பிணை என்றால் நீதிமன்றம். “பிணையில வந்திட்டான்” என்ற பேச்சுத்தான் காதில் விழும். அதனால் அது இங்கே வேர்பிடிக்கவில்லை. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘இணையம்’ இன்டர்நெட்டுக்கே உரியதாகிவிட்டது. நமது பேச்சிலோ இவை எதுவுமில்லை. “நெட் இல்ல”, “நெட்வேர்க் சரியில்ல” என்பதோடு கதை முடிந்துவிடும்.

கல்முனைக் கடலோரத்துக்கு வலை புதிதல்ல. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வலைக்குக் கண் உண்டு, மடி உண்டு, முடிச்சு உண்டு. கிழிந்தால் பொத்துகிறார்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடித்துப் பலர் சேர்ந்து இழுத்தால்தான் மடி கரையேறும். ஆனாலும் வலையை வைத்து நாம் ஆக்கிக்கொண்ட வழக்குகளைப் பாருங்கள்: வலை வீசுதல், வலை விரித்தல், வலையில் விழுதல், சதிவலை. எல்லாமே பிடிக்கிறவனையும் படுகிறதையும் பற்றியவை. சேர்ந்து இழுக்கும் கைகளைப் பற்றிய வழக்கு ஒன்றுகூட இல்லை. “வலையெண்டா மீன் படத்தானே” என்பதுதான் சொல்லின் ஊர்ப்பொருள்.

இந்தப் பொருள் வீதிக்கும் மின்கம்பிக்கும் தீங்கு செய்யாது. மனிதர்மேல் போடும்போதுதான் சிக்கல். “வலையமைப்பைச் சேர்ந்த ஒருவர் சிக்கினார்” என்ற செய்தி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். முதற்பாதியில் அவர் வலையை விரித்தவர். பிற்பாதியில் அதே ஆள் வலையில் பட்ட மீன். இரண்டுமே குற்றத்தைச் சொல்லிவிடுகின்றன. அவர் யாரோடு, எதனால், எந்த அளவுக்குத் தொடர்புபட்டார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இது வெறும் மொழிப் பிரச்சினையாக இருக்கவில்லை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள் ஒரு குழுவாக இயங்கினார்கள். அதே மாதம் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததையும் நாம் அறிவோம். அந்தக் குழுவை வலையமைப்பு என்று எழுதியதில் பிழையில்லை. பிழை, சொல் அங்கே நில்லாமல் நீண்டு சென்றதில். தொலைபேசியில் இலக்கம் இருந்தவர், ஒரு பயானுக்குப் போனவர், உறவுக்காரர் என்று எல்லோரும் ஒரே சொல்லுக்குள் வந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆளைப் பிடிப்பதற்கு முன்பே சொல் பிடித்துவிட்டது. யுத்த காலத்தில் தமிழ்ச் சகோதரர்கள் இதே சொல்லுக்குள் பட்டபாட்டையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும்.

சிங்களச் செய்திகளில் வரும் ‘ஜாலய’ என்பதைத்தான் நமது பத்திரிகைகள் பெயர்க்கின்றன என்று சமாதானம் சொல்லலாம். அதன் மூலமான சமஸ்கிருத ‘ஜால’ வலையையும் மாயத்தையும் ஒருங்கே குறிக்கும். அரபியிலும் ‘ஷபகா’ என்றால் மீன்வலை. இன்று நெட்வேர்க்குக்கும் அதுவே. அப்படியானால் தமிழை மட்டும் குறைசொல்வது நியாயமா? நியாயமில்லை. வேர்ச்சொல் ஒரு சொல்லின் தலைவிதி அல்ல. முஃமின்கள் ஒருவரையொருவர் தாங்குவதைக் கட்டடத்துக்கு ஒப்பிட்ட நபி (ஸல்) அவர்கள் தமது விரல்களைக் கோத்துக் காட்டியதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. கோத்தார்கள் என்பதற்கு அங்கே வரும் வினை ‘ஷப்பக’. வலையின் வேர்தான், பொருளோ தாங்குதல். ஆகவே குற்றம் வேரில் இல்லை, கையாள்வதில் இருக்கிறது.

கையாள்வதில் நாமும் சுத்தமில்லை. நமது மேடைகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ‘சதிவலை’, ‘யூத வலையமைப்பு’ என்று எவ்வளவு தாராளமாக அள்ளி வீசுகிறோம்! முடிச்சு எங்கே என்று கேட்டால் பதில் வராது. நம்மேல் வீசப்படும்போது வலிக்கிற சொல்லை மற்றவர்மேல் சும்மா வீசுவது என்ன நீதி?

இன்னொரு இழப்பும் உண்டு. சுனாமிக்குப் பிறகு வந்த பயிற்சிப்பட்டறைகள் ‘வலையமைப்பாக்கம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தன. அந்த வாகனங்கள் ஊருக்குள் வருமுன்பே பள்ளிவாசல்களிலிருந்தும் உறவு ஊர்களிலிருந்தும் சோறு வந்து சேர்ந்திருந்தது. அதற்கு நம்மிடம் சொற்கள் இருந்தன: குடி, மஹல்லா, ஜமாஅத், சம்மேளனம். தாய்வழியில் வரும் குடியும், குடிக்கு ஒரு மரைக்காயர் என்ற பள்ளி நிருவாக முறையும் யார் யாருக்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாகச் சொல்பவை. அக்கரைப்பற்றை ஆராய்ந்து 2008இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே ‘குடி’ என்ற நமது சொல்லையே எடுத்தாண்டார். நமது ஆய்வுக் கட்டுரைகளோ ‘உறவு வலையமைப்பு’ என்கின்றன. மருதமுனைத் தறியைக் கேட்டால் பாவும் ஊடையும் என்று சொல்லும். அதில் பிடிக்கிறவனுமில்லை, படுகிறதுமில்லை.

‘வலையமைப்பு’ என்பதைக் கைவிடச் சொல்லவில்லை. கணினிக்கும் மின்சாரத்துக்கும் அது வேண்டும். மனிதரைப் பற்றி எழுதும்போது மட்டும் முடிச்சைக் காட்டி எழுதுவோம்: யார், யாரோடு, எதனால். காட்ட முடியாவிட்டால் ‘அறிமுகம்’, ‘உறவு’, ‘தொடர்பு’ என்ற சிறிய சொற்களே போதும். செய்தி எழுதுகிறவருக்கு அது ஒரு சொல் மாற்றந்தான். செய்தியில் பெயர் வருகிறவருக்கு அது அவருடைய மானம்.