அடைக்கலமா, முறையீடா?

1

நம் சனங்களின் வீடுகளில் அதிகமாக எழுதப்படும் எழுத்து எது? கவிதையில்லை, கதையில்லை, மனுதான். பட்டாவுக்கு மனு, முதியோர் உதவித்தொகைக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு, சாதிச் சான்றிதழுக்கு மனு. திங்கட்கிழமையானால் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவருக்கு முன்னால் வரிசை நிற்கிறது. இத்தனை எழுதுகிறோம். ஆனால் இதை ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசித்துப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு வகை மனுவை மட்டும் வாசிக்கலாம். பிள்ளைக்குத் திறமை போதாது, இடம் இல்லை என்று சொல்லப்பட்ட பிறகு எழுதுகிற மனு. பல சமயம் எழுதாமலே விட்டுவிடுகிற மனுவும் அதுதான்.

வடிவம் எல்லோருக்கும் தெரியும். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பம். நாங்கள் ஏழைக் குடும்பம், கூலி வேலை, மூன்று பிள்ளைகள். ஐயா அவர்கள் பெரிய மனது பண்ணி, கருணை கூர்ந்து, தாழ்மையுடன். கீழே கைநாட்டு அல்லது கோணல் கையெழுத்து. பிள்ளையை எதை வைத்து அளந்தார்கள், எவ்வளவு குறைந்தது, அளந்தவர் யார் என்று இதில் ஒரு வரி கூட இருக்காது. எங்கள் கஷ்டத்தைப் பாருங்கள் என்பதோடு மனு முடிந்துவிடும்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்தார், கலம்பகம் பாடினார். அங்கே இருப்பது அடைக்கல மாதா கோயில். சுற்றுவட்டாரத்துச் சனங்கள் சாதி, மதம் பார்க்காமல் அங்கே வந்து கண்ணீர் விட்டுப் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதாவிடம் அடைக்கலம் கேட்கலாம், ஏன் கொடுக்கவில்லை என்று அவளிடம் விளக்கம் கேட்க முடியாது. அதிகாரி அப்படியில்லை. அவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். நம் மனுவோ மாதாவுக்கு முன்னால் பேசுகிற பாஷையிலேயே அதிகாரியிடமும் பேசுகிறது. அவரும் சாமி மாதிரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்.

2

1992ல் வந்த பாமாவின் ‘கருக்கு’வில் ஒரு இடம். பள்ளிக்கூடத்துத் தென்னை மரத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், காய் விழுகிறது. இந்தச் சிறுமி திருடினாள் என்று தலைமையாசிரியர் வகுப்புக்குள் விட மறுக்கிறார். பங்குச் சாமியாரிடம் போய்க் கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள். போகிறாள், நடந்ததைச் சொல்கிறாள். நீ சேரியிலிருந்து வருகிறவள்தானே, செய்திருப்பாய் என்பதுதான் சாமியாருக்கு முதலில் தோன்றுகிறது. அழுது நின்ற பிறகு கடிதம் கிடைக்கிறது. வகுப்புக்குள் விடுகிறார்கள்.

இந்தப் பகுதியை அவமானத்தின் சித்திரமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். மேல்முறையீடு ஒன்றின் கதையாகவும் இதை வாசிக்க வேண்டும். முறையீடு ஜெயித்துவிட்டது, பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் திருடி என்ற தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அதன் மேலேயே இரக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அடைக்கலம் என்பது இதுதான். இடம் கிடைக்கும், குற்றமும் கூடவே நிற்கும்.

ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ இந்தியில் 1997ல் வந்தது. அதில் வேதியியல் ஆசிரியர் அவரை ஆய்வுக்கூடத்துக்குள் விடாமல் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே நிறுத்துகிறார். செய்முறைத் தேர்வில் தோல்வி வருகிறது. மதிப்பெண் பட்டியலில் தோல்வி மட்டும்தான் இருக்கும். வெளியே நிறுத்தியது அதில் இருக்காது. அதைப் பதிவு செய்ய ஒரு தன்வரலாறே எழுத வேண்டியதாயிற்று.

இங்கிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம் தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் வரும் பக்கங்கள் எல்லாம் கெடு தாண்டி எழுதப்பட்ட மேல்முறையீடுகள். பதினைந்து நாளில் எழுதியிருக்க வேண்டியதை முப்பது வருஷம் கழித்து எழுதியிருக்கிறோம். அன்றைக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை, எழுதலாம் என்று சொல்லவும் ஆள் இல்லை. புத்தகமாக வந்தபோது கலைத்தரம் போதாது, உருவம் சரியில்லை என்று தொண்ணூறுகளில் இன்னொரு தேர்வுக் குழு உட்கார்ந்து மதிப்பெண் போட்டது. அளவுகோல் எங்கே செய்தது என்று அப்போது திருப்பிக் கேட்டோம். இலக்கியத்தில் கேட்கத் தெரிந்த கேள்வியைப் பிள்ளையின் படிப்பு விஷயத்தில் கேட்காமல் ஏன் தயங்குகிறோம்?

3

முறையீடு செய்கிற தைரியமும் சாதிவாரியாகத்தான் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. மருத்துவக் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடத்திலும் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இது தன் உரிமையைப் பறிக்கிறது என்று 1950ல் செண்பகம் துரைராஜன் நீதிமன்றம் போனார். 1951 ஏப்ரல் 9ல் உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் பார்ப்பனப் பெண்ணுக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், நேரே வழக்குப் போட்டுவிட்டார். விண்ணப்பிக்காமல் வருவதை நாங்கள் ஆதரிக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்று நீதிபதிகள் எழுதி வைத்தார்கள். ஆனால் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பவில்லை.

66 வருஷம் கழித்து இன்னொரு பெண். குழுமூர் அனிதா. ஏலாக்குறிச்சி இருக்கும் அதே அரியலூர் மாவட்டம்தான். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். 2017 பிளஸ் டூவில் 1200க்கு 1176. இயற்பியல் 200, கணிதம் 200, வேதியியல் 199, உயிரியல் 194. பழைய கணக்குப்படி மருத்துவத்துக்கு 200க்கு 196.75. நீட் தேர்விலோ 720க்கு 86. அந்த ஆண்டு மட்டுமாவது விலக்கு வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்ற வழக்கில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் டெல்லி வரை போனார். கையில் எல்லாக் காகிதமும் இருந்தது. ஆகஸ்ட் 22ல் நீட் பட்டியல்படியே கலந்தாய்வு நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. செப்டம்பர் 1ல் அனிதா உயிரோடு இல்லை.

விண்ணப்பமே இல்லாதவருக்கு நீதிமன்றம் காது கொடுத்தது. 1176 வாங்கினவரிடம் எந்த அளவுகோலில் வாங்கினாய் என்று கேட்டது. இதிலிருந்து மேல்முறையீடே வீண் என்று சில தோழர்கள் முடிவு கட்டுகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1951 தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் தெருவெல்லாம் கிளர்ச்சி நடந்தது, பெரியார் முன்னால் நின்றார். 70 நாளில், ஜூன் 18ல், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. நீதிமன்றத்தில் முடிந்துபோன முறையீட்டைச் சனங்கள் வெளியில் தொடர்ந்து நடத்தினார்கள். அனிதா அதைத் தனி ஆளாகத் தூக்கிக்கொண்டு போனார். பிளஸ் டூ முடித்த ஒரு பெண்பிள்ளையின் தோளில் ஒரு மாநிலத்தின் வழக்கு ஏறி உட்கார்ந்தது. நாமெல்லாம் அதை டிவியில் பார்த்தோம்.

4

அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் செய்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து, மந்தபுத்தி என்று சொல்லிக் கறுப்புப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் தள்ளினார்கள். 1971ல் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். என் பிள்ளை கெட்டிக்காரன், அவனை மட்டும் வெளியே விடுங்கள் என்று அவர்கள் கெஞ்சவில்லை. கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளைத் திரும்பச் சோதித்தார்கள். பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர்கள் கேட்டபோது மதிப்பெண் ஏறியது. 1979ல் நீதிபதி பெக்காம் அந்தச் சோதனையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்பளித்தார். வழக்கின் பேர் லாரி பி. பிள்ளையின் முழுப்பேர் வழக்கில் இல்லை. இதைக் கவனிக்க வேண்டும்.

ஃபுளோரிடாவில் ஒரு பெரிய கல்வி மாவட்டம். அங்கே மீத்திறன் வகுப்புக்குப் பெற்றோரும் ஆசிரியரும் சிபாரிசு செய்த பிள்ளைகளைத்தான் சோதிப்பது வழக்கம். 2005ல் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தார்கள். ஏழைகள், கறுப்பர், லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகமாகத் தேறினார்கள். பிறகு காசில்லை என்று அதை நிறுத்தினார்கள், எண்ணிக்கையும் பழையபடி இறங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகளின் மூளையில் நடுவில் ஒரு மாற்றமும் இல்லை. யார் பேரை யார் முன்மொழிகிறார்கள் என்பதில்தான் இருந்தது எல்லாம்.

நம் பக்கம் வருவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. மனத்திறன் 90, படிப்பறிவு 90. தகுதி பெறப் பொதுவாக 40 விழுக்காடு, பட்டியல் சாதிக்கு 32. தலித் கிறிஸ்தவப் பிள்ளை எங்கே நிற்கும்? தெருவில் அவள் பறத்தெருப் பிள்ளை. கோயில் பதிவேட்டில் கிறிஸ்தவள். 1950ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலில் இல்லை, தமிழ்நாட்டுச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டவள். அதே தெருவில் இரண்டு பிள்ளைகள் 35 விழுக்காடு எடுத்தால் ஒருத்தி பரிசீலனைக்கு வருவாள், மற்றவள் வரமாட்டாள். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் படித்த இளைஞன் வேலைக்காக மதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பதிமூன்று வயசுப் பிள்ளை எதை மாற்றிக்கொள்ளும்? இங்கே “என் மகள் நன்றாகப் படிப்பாள் ஐயா” என்ற மனுவுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆணைக்கு எதிரான மனுதான் வேண்டும்.

5

ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் எனக்குத் தங்கச்சி முறையாகும் ஒருத்தியின் மகள் ஒரு உறைவிடப் பள்ளிக்குத் தேர்வு எழுதினாள். பட்டியலில் பேர் இல்லை. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுதலாம் என்று நோட்டீஸ் பலகையில் ஒரு வரி இருந்தது. வீட்டில் மூன்று கருத்து. தாய் சொன்னாள்: “வேணாம்ணே. கேட்டா, கேக்குற குடும்பம்னு பேராயிரும். சின்னவன் நாளைக்கு அங்கதான போயி நிக்கணும்.” சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தகப்பன் சொன்னார்: “எழுதுனா அடிக்கவா போறாங்க? எழுதிப் பாப்பமே.” பிள்ளை சொன்னது இது: “எத்தன மார்க்குன்னு மட்டும் கேளுங்க மாமா.”

தாயின் பயத்தைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளைக்காகக் கேட்டு இன்னொரு பிள்ளையின் வழியை அடைத்துக்கொண்ட வீடுகள் நம்மிடம் உண்டு. இரண்டாவது தடவையும் இல்லை என்று வந்தால் பிள்ளை தாங்குமா என்ற கேள்வியும் அந்தப் பயத்துக்குள் இருக்கிறது. அனிதாவுக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியை யாரும் லேசாகத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் வழியைக் காட்டியது பிள்ளைதான். அவள் இடம் கேட்கவில்லை, கணக்குக் கேட்டாள். அதையே எழுதினோம். என் மகள் எடுத்த மதிப்பெண் எவ்வளவு? கடைசியாக எடுத்துக்கொண்ட பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு? இன ஒதுக்கீடு எப்படிப் பிரிக்கப்பட்டது? விடைத்தாள் நகல் வேண்டும். நான்கே வரி. ஏழை, கூலி, கருணை என்ற வார்த்தைகள் இல்லை. தாய்தான் கையெழுத்துப் போட்டாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

பதில் வராவிட்டால் அடுத்த படி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய், 30 நாள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். தேர்வு எழுதியவர் திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று 2011ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம். பிள்ளை நிஜமாகவே நாலு மார்க் குறைவென்றால் இடம் கேட்டு அலைய வேண்டாம், அடுத்த தேர்வுக்குப் படிக்கட்டும். கணக்கில் கோளாறு இருந்தால், அதே தெருவில் பட்டியலில் வராத மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு எழுத வேண்டும். மனுவில் பெரியவர்களின் பேர் இருக்கட்டும். பிள்ளையின் பேரும் போட்டோவும் பத்திரிகைக்கு வேண்டாம். அவளை அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கு நம்முடையதாக இருக்கட்டும்.

திறமை பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்குவதே பார்ப்பனிய ஏற்பாடு, அதில் இடம் கேட்பானேன் என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். பொறுக்குவதை எதிர்க்க வேண்டியதுதான். ஆனால் பொறுக்குகிற கை எப்படிப் பொறுக்குகிறது என்ற கணக்கு நம்மிடம் இல்லாமல் எதை வைத்து எதிர்ப்பது? அந்தக் கணக்கை வெளியே கொண்டுவருகிற காகிதமாக மேல்முறையீட்டைப் பயன்படுத்தலாம். தோற்றாலும் நகல் மிஞ்சும்.

அந்த நகல்கள் இப்போது டிரங்குப் பெட்டியிலும் தகரக் கூரையின் செருகலிலும் கிடந்து செல்லரிக்கின்றன. இதுபோன்ற இதழ்கள் கவிதைக்கும் சிறுகதைக்கும் ஒதுக்குகிற பக்கத்தில் இரண்டை இவற்றுக்கு ஒதுக்க வேண்டும். பேரை எடுத்துவிட்டு மனுவையும், வந்த பதிலையும், வராத பதிலின் தேதியையும் அப்படியே அச்சிடலாம். உங்கள் ஊரில் கிடப்பதை எடுத்து அனுப்புங்கள். மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பேனாவும் கார்பன் தாளும் கொண்டு போங்கள். நோட்டீஸ் பலகையில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.