பின்னோக்கிய இருக்கையில் ஒரு கோடைப் பயணம்: பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட் 1995

அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் சின்ன வயதுக் கோடை விடுமுறையைப் பற்றிக் கேட்டால், பலர் போன ஊரைவிடப் போன வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஃபோர்டு கன்ட்ரி ஸ்குயர், ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா குரூஸர், செவர்லே கிங்ஸ்வுட், கிரைஸ்லர் டவுன் அண்ட் கன்ட்ரி என்று ஸ்டேஷன் வேகன்களின் பெயர்கள் மட்டும் மாறும். பக்கவாட்டில் மரத்தோற்றம், கூரைமேல் கேரியர், உள்ளே ஏழெட்டுப் பேர், ஒரு நாய், ஒரு ஐஸ் பெட்டி. காட்சி ஒன்றுதான்.

இதை வயதானவர்களின் வழக்கமான ஏக்கம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த இருக்கை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், பின்கதவு எப்படித் திறக்க வேண்டும், கூரையில் எங்கே கண்ணாடி வேண்டும் என்று பொறியாளர்கள் எடுத்த முடிவுகளிலிருந்து பிறந்த நினைவுகள் இவை. அது உண்மையானால், அதே அமைப்புள்ள வண்டியில் இன்றைய பிள்ளைகளை உட்கார வைத்தாலும் அதே மகிழ்ச்சி வரவேண்டும்.

சோதித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தது. மிச்சிகன் மாநிலத்தில் பிளின்ட் நகருக்கு அருகில் வசிக்கும் நண்பரின் வீட்டில் 1995 மாடல் பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட் இன்றும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. பியூக் வளர்ந்த ஊர் பிளின்ட். நண்பரின் அப்பா முன்பு வைத்திருந்தது 1969 விஸ்டா குரூஸர். அதில் வளர்ந்தவர் நண்பர். இந்த ரோட்மாஸ்டரில் வளர்ந்தவர் அவருடைய மகள். மகளுக்கு இப்போது பத்து வயதை ஒட்டிய இரண்டு பிள்ளைகள். நாலு தலைமுறையோடும் ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே மேக்கினா பாலம் வரைக்கும் போய் வந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன், மூன்று வரிசைகளிலும் உட்கார்ந்தேன்.

வண்டியும் அதன் மரமும்

ரோட்மாஸ்டர் எஸ்டேட் 1991 மாடலாக வந்து 1996-இல் முடிந்துபோனது. அமெரிக்கப் பெரிய வேகன்களின் கடைசித் தலைமுறை இது. நீளம் 5.5 மீட்டர், அகலம் 2 மீட்டர், எடை 2 டன்னுக்கும் மேல். தனி சேஸியின் மேல் பாடி, பின்சக்கர இயக்கம், எட்டுப் பேருக்கு இடம். 1994 முதல் வந்தவற்றில் 5.7 லிட்டர் எல்.டி.1 வி8 இன்ஜின். கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த இன்ஜினையே குடும்ப வண்டிக்கு ஏற்ப மாற்றியமைத்தது. 260 குதிரைத்திறன், 4 கியர் ஆட்டோமேட்டிக்.

பக்கவாட்டில் இருப்பது மர வரிகள் அச்சிட்ட வினைல் தாள். அதற்குப் பின்னால் நிஜ மரத்தின் வரலாறு உண்டு. ஹென்றி ஃபோர்டு தம் வண்டிகளுக்கான மரத்துக்காக மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் காடுகளை வாங்கி, அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் ஆலையே நடத்தினார். மரப்பாடி அழகுதான், ஆனால் விடாமல் வார்னிஷ் அடித்துக் காக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்புகள் தளர்ந்து முனகும். 1949-இல் பிளிமத் முழு எஃகு வேகனைக் கொண்டுவந்தது. ஃபோர்டும் 1952-இல் எஃகுக்கு மாறியது. பாடி எஃகானாலும் வாங்குகிறவர்கள் மரத்தோற்றத்தை விடவில்லை. ரோட்மாஸ்டரின் வினைல், வெயில் படும் பக்கம் வெளுத்து, ஓரங்களில் வெடிக்கும். நண்பரின் வண்டியிலும் அப்படித்தான். ஆனால் வண்டிகள் நிறைந்த நிறுத்துமிடத்தில் பிள்ளைகள் தங்கள் வண்டியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்து ஓடினார்கள். இது நம் வண்டி என்று ஒரு குழந்தைக்குச் சொல்லும் அடையாளம் இன்றைய வெள்ளை, சாம்பல் எஸ்.யு.வி.க்களில் எனக்குத் தென்படவில்லை.

தலைக்கு மேலே வானம்

நடு வரிசைக்கு மேலே கூரையில் ஒரு நிலையான கண்ணாடி. திறக்காது, வெயில் அதிகமானால் தடுப்புப் போட்டுக்கொள்ளலாம். 1964-இல் வந்த விஸ்டா குரூஸரின் வாரிசு இந்தக் கண்ணாடி. அதில் கூரையின் பின்பகுதியை உயர்த்தி, நிறமேற்றிய கண்ணாடிகளைப் பதித்திருந்தார்கள். நண்பருக்கு அந்த வண்டியின் இன்ஜினோ நிறமோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. இரவுப் பயணத்தில் அண்ணன் தம்பிகளோடு மல்லாந்து கிடந்து நட்சத்திரம் எண்ணியதுதான் வருகிறது.

இன்றைய கார்களில் கூரை முழுக்கக் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் ரோட்மாஸ்டரில் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்வரிசைக்குக் கண்ணாடி கிடையாது. வானம் பின்னால் உட்காருகிறவர்களுக்கே. ஓட்டுகிறவருக்குச் சாலை, பிள்ளைகளுக்கு வானம் என்று பங்கு பிரித்த வடிவமைப்பு இது. இரு பக்கமும் பைன் மரங்கள் நெருங்கும் வடக்கு மிச்சிகனில், மரங்களின் தலைகள் கண்ணாடியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பெரிய பிள்ளை வெகுநேரம் பேசாமல் வந்தாள். கைப்பேசி மடியில்தான் கிடந்தது.

பின்கதவு

அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் கற்பனையை அதிகம் செலவிட்ட இடம் வேகனின் பின்கதவுதான். 1966-இல் ஃபோர்டு ஒரே கதவைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் திறக்கும்படி செய்தது. 1971 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வேகன்களில் கண்ணாடி கூரைக்குள்ளும் கதவு தரைக்கு அடியிலும் வழுக்கிச் சென்று மறைந்தன. பின்னால் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் திறக்கலாம்.

ரோட்மாஸ்டரில் இருப்பது எளிமையான ஏற்பாடு. கண்ணாடி தனியாக மேலே எழும்பும். கதவைப் பக்கவாட்டில் இழுத்தால் ஆட்கள் ஏறலாம். கீழே சாய்த்தால் உட்காரும் பலகையாகிவிடும். நடு, கடைசி இருக்கைகளை மடித்தால் 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகை தரையில் சமமாகப் படுக்கும். பெரிய அமெரிக்க வேகன்களைப் பல காலம் இந்தப் பலகையை வைத்துத்தான் அளந்தார்கள்.

வண்டியை வீடாக்கியது இந்தக் கதவுதான். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் சுமார் 4,000 திறந்தவெளி டிரைவ்-இன் திரையரங்குகள் இருந்தன. வேகன் வைத்திருந்தவர்கள் பின்பக்கத்தைத் திரைக்குத் திருப்பி நிறுத்தி, கதவைச் சாய்த்து, இரவு உடையோடு வந்த பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைப்பார்கள். பாதிப் படத்தில் தூங்கிப்போனால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம். ஹூரான் ஏரிக்கரையில் நாங்கள் நிறுத்தியபோது, எண்பதைக் கடந்த நண்பரின் அப்பா சாய்த்த கதவில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார். பக்கத்தில் கொள்ளுப்பேரன். கதவின் உயரம் இருவருக்கும் பொருந்தியது. மேல்நோக்கி மட்டும் திறக்கும் கதவுள்ள வண்டியில் இப்படி ஓர் இடமே கிடையாது.

கடைசி இருக்கை

இந்த வண்டியின் உயிர் இங்கேதான். பின்பக்கத் தரையில் மடங்கிக் கிடக்கும் இருக்கையை நிமிர்த்தினால் இரண்டு பேர் சாலையின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரலாம். கூண்டு வண்டியின் பின்புறம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, விலகிப்போகும் பாதையைப் பார்த்தபடி பயணம் போன பிள்ளைகளுக்கு அந்தச் சுகம் தெரியும். அதே சுகம், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில்.

பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால், அவர்கள் கண்ணும் அதட்டலும் எட்டாத தூரத்தில், பிள்ளைகளுக்கென்று ஓர் அறை. பின்னால் வரும் லாரி டிரைவரைப் பார்த்துக் கையை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினால் அவர் ஹாரன் அடிப்பார். எந்தெந்த மாநில நம்பர் பிளேட் வருகிறது என்று போட்டி. பின் காரில் இருக்கும் முன்பின் தெரியாத குடும்பத்துக்குக் கையசைப்பு. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கக் குடும்பங்கள் சொல்லும் கதைகள் இவை. நண்பரின் மகளும் இதே இருக்கையில் இதையெல்லாம் செய்தவர்.

அவருடைய பிள்ளைகளுக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. ஏறிய சற்று நேரத்தில் ஒரு லாரிக்குக் கையை ஆட்டினார்கள். டிரைவரும் ஹாரன் அடித்தார். மேக்கினா பாலத்தை நான் அவர்களோடு கடைசி இருக்கையிலிருந்து பார்த்தேன். 1957-இல் திறக்கப்பட்ட 8 கிலோமீட்டர் நீளப் பாலம், மிச்சிகனின் இரு தீபகற்பங்களையும் இணைப்பது. முன்னால் உட்கார்ந்தால் கோபுரம் நெருங்கி வந்து சட்டென்று தலைக்கு மேலே போய்விடும். பின்னால் உட்கார்ந்தவனுக்கு அது மெதுவாக விலகி, முழு உருவத்தையும் காட்டி, நீரின் நீலத்தில் சிறுத்துக்கொண்டே போகிறது. பார்த்ததை விடைகொடுத்து அனுப்பும் நேரம் கிடைக்கிறது. இந்த இருக்கையில் பார்த்தவை மனத்தில் ஆழமாகப் பதிவதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. பின்னோக்கிப் போனால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். வளர்ந்தவர்களுக்கு முழங்கால் இடம் போதாது. குளிர்காற்றும் அங்கே தாமதமாகவே எட்டுகிறது.

முன் வரிசையும் ஓட்டமும்

முன்னால் பெஞ்ச் சீட். கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால் நடுவில் தடுப்பு கிடையாது. மூன்று பேர் உட்காரலாம். திரும்பும் வழியில் சின்னவன் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தாத்தாவின் தோளில் சாய்ந்து தூங்கினான். இன்று அந்த இடத்தில் கோப்பை வைக்கும் குழிகளும் சார்ஜரும் இருக்கின்றன. குழந்தையைப் பின்னால் பெல்ட் போட்டு உட்கார வைப்பதே பாதுகாப்பு என்பது உண்மை. தோளோடு தோள் உரசும் அந்த வரிசை போனதும் உண்மையான இழப்புதான்.

ஓட்டுவதற்கு இது மென்மையான வண்டி. சாலையின் பள்ளம் மேடுகளை மெத்தையில் வாங்குகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் சத்தமே இல்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் 2 டன் வண்டி தயக்கமின்றிப் பாய்கிறது. வளைவுகளில் உடம்பு சாயும், ஸ்டியரிங் சாலையைக் கைக்குச் சொல்லாது. 1956-இல் சட்டமாகிக் கட்டப்பட்ட நேரான இன்டர்ஸ்டேட் சாலைகளுக்காக வளர்ந்த இனம் இது. அங்கே ஓட்டினால்தான் இதன் நியாயம் புரியும். மைலேஜ் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டரை ஒட்டியும் நகருக்குள் 6, 7-உம்.

ஏன் மறைந்தது?

1973 எண்ணெய் நெருக்கடி முதல் அடி. 1975-இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டம் அடுத்தது. அதில் வேகன் காராகக் கணக்கிடப்பட்டது, மினிவேனும் எஸ்.யு.வி.யும் லேசான விதிகளுள்ள இலகு டிரக் வகைக்குள் போயின. 1984 மாடலாக கிரைஸ்லரின் மினிவேன்கள் வந்ததும் குடும்பங்கள் அங்கே நகர்ந்தன. ரோட்மாஸ்டர் தயாரான டெக்சாஸ் ஆர்லிங்டன் ஆலையில் 1996 டிசம்பரோடு அது நின்றது. பிறகு அதே ஆலை பெரிய எஸ்.யு.வி.க்களைச் செய்யத் தொடங்கியது. மக்களுக்குப் பெரிய குடும்ப வண்டியின் தேவை தீரவில்லை. சட்டமும் சந்தையும் அதை வேறு உருவத்துக்குத் தள்ளின.

வாங்கலாமா?

பாதுகாப்பை முதலில் சொல்கிறேன். 1995 மாடலில் முன்னால் இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் உண்டு. பக்கவாட்டு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு இல்லை. குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகள் அமெரிக்காவில் கட்டாயமானது 2002-இல்தான், இதில் கிடையாது. கடைசி இருக்கைக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே இருப்பது கதவு மட்டும். அன்றாடம் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில், நிதானமான நேரத்தில், பெல்ட் அணிந்த, ஓரளவு வளர்ந்த பிள்ளைகளோடு போகும் விடுமுறை வண்டியாகப் பரிந்துரைப்பேன்.

வாங்குகிறவர்கள் 1994 முதல் 1996 வரையிலான மாடல்களைத் தேடுங்கள். வாட்டர் பம்ப் கசிகிறதா என்று பாருங்கள். அதன் அடியில்தான் இந்த இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது, நீர் பட்டால் கெடும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் ஓடியிருந்தால் சேஸியின் துருவைக் கீழே படுத்துப் பாருங்கள். மெக்கானிக்கல் உதிரிபாகங்கள் எளிதாகக் கிடைக்கும்; வேகனுக்கே உரிய கண்ணாடி, உள் அலங்காரப் பாகங்களுக்கு அலைய வேண்டும்.

கார் செய்கிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பின்னோக்கிய இருக்கையை மெர்சிடீஸ் இ-கிளாஸ் வேகன்கள் பல தலைமுறைகள் தக்கவைத்தன. டெஸ்லா மாடல் எஸ்-இலும் சில காலம் அது கிடைத்தது. எனவே இன்றைய பாதுகாப்பு விதிகளுக்குள் அதைச் செய்ய முடியும். ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனித் திரை வைக்கச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை, பிள்ளைகள் வெளியே பார்க்கும் ஓர் இருக்கைக்குக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்க உடன் பயணித்துச் சொல்கிறேன்: அந்தக் குழந்தைகளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.